மூக்காயியின் மறதி

காலை எட்டு மணிக்குப் பிளோரா வழக்கம்போல வேலைப்படகின் விளிம்பிலிருந்து ஆள் உருவ ரப்பர் பொம்மை ஒன்றைக் கடலில் போட்டாள். ஓங்கில்கள் அதைச் சுற்றி வந்து பார்த்தன. டால்பின் என்று படித்தவர்கள் சொல்வது இவற்றைத்தான். ஒன்றும் பொம்மையைத் தொடவில்லை. நாற்பது நாளாக அவற்றுக்கு அவள் கையால் ஒரு மீன்கூட இல்லை.

கடல் ஏறிப் பாதி ஊரை விழுங்கிய காலத்தில், மூழ்குகிறவர்களை இழுத்து மேலே கொண்டுவர இந்த மீட்பு ஓங்கில்களைப் பழக்கியவளே அவள்தான். இப்போது முப்பது பாக, அதாவது நூற்றெண்பது அடி ஆழத்தில் மின்வடம் பழுதுபார்க்கும் முக்குளிப்போர்தான் இருக்கிறார்கள். ஓங்கிலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? அவர்களையும் ஒரே மூச்சில் மேலே இழுத்துவிடும். நின்று நின்று ஏறாவிட்டால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டும். இரண்டு பேர் அப்படித்தான் கால் உணர்விழந்து படுத்த படுக்கையானார்கள். அதனால்தான் மீனை நிறுத்தி இந்த மறக்கடிப்பு.

தவறாமல் மீன் வாங்கிப் பழகியவை, மீன் நின்றதும் ஒரே வாரத்தில் வேலையை விட்டன. மூக்காயி என்ற பெண் ஓங்கில் மட்டும் ஒரு மாதம் விடவில்லை. அவளுக்கு மட்டும் பிளோரா மூன்றாவது முறை ஒரு மீன், இருபதாவது முறை ஒரு மீன் என்று இஷ்டத்துக்குக் கொடுத்திருந்தாள். மீனும் மிச்சம், சுறுசுறுப்பும் அதிகம் என்று அன்று பெருமை வேறு. நப்பாசை பிடித்த பிராணியை எதைச் சொல்லி நிறுத்துவது?

"மறந்துட்டாளாட்டி?" முக்குளி உடையை மாட்டியபடி கணவன் கிராசியன் கேட்டான்.

"பத்து நாளா பொம்மையத் தொடலங்க. ஆனா இன்னும் ஒரு மாசம் பாக்கலாமே. எனக்குப் பயமா இருக்கு."

"நீதானட்டி மறந்துட்டான்னு கையெழுத்துப் போட்ட! உன்னையே நீ நம்பலன்னா நாங்க யார நம்ப?" சிரித்துக்கொண்டே மற்ற நான்கு பேரோடு இறங்கிவிட்டான்.

அரை மணியில் மூக்காயியைக் காணோம். பிளோரா கீழே இருப்பவர்களோடு பேசும் நீர்பேசியை எடுத்தாள்.

"ஏங்க, மூக்காயி அங்க வாராளா? ஏங்க!"

இரைச்சல்தான் வந்தது.

படகருகே தண்ணீர் பிளந்தது. கிராசியனின் தோள்வாரைக் கவ்வியபடி மூக்காயி. அவன் கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது. மாதாவே, உயிரோடு வந்துவிட்டான்! அந்த ஒரு கணத்தில், பன்னிரண்டு வருஷம் பழகிய பிளோராவின் கை, அவளைக் கேட்காமலே படகோட்டியின் இரைக் கூடைக்குள் போய் ஒரு சாளை மீனை எடுத்து வீசிவிட்டது.

மூக்காயி அதைப் பிடித்து விழுங்கினாள்.

"கால் எங்கட்டி?" என்றான் கிராசியன். "எனக்குக் கால் இருக்கா?"

கீழே இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். பிளோரா கத்தக் கத்த, மூக்காயி முங்கினாள்.