பௌர்ணமியன்று நியூசிலாந்துக்கு மேல்

காலைச் சிற்றுண்டிக்கு முன்பே நார்வேக்கு மேல் இரண்டு கல்யாணமும் ஈரானுக்கு மேல் ஒன்றும் முடிந்திருந்தன. பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த மணநிலையத்தில் யாரும் நாட்டைத் தேடிப் போவதில்லை. நாடுதான் காலடியில் வந்து போகும். இருவரும் கண்ணாடித் தட்டில் உள்ளங்கையை வைக்கும் நொடியில் கீழே எந்த நாடு இருக்கிறதோ, அந்த நாட்டுச் சட்டப்படி அது திருமணம்.

உமையாள் நியூசிலாந்துக்காகக் காத்திருந்தாள்.

பக்கத்தில் லூகா. நிலவுக் குடியிருப்பில் பிறந்தவன். அங்கே பிறந்தவர்களுக்கு நாடு கிடையாது. கல்யாணம் எங்கே பதிவாகிறதோ அதுதான் நாடு. நிலவுக்குப் போகும் சரக்குக் கப்பல்களுக்குக் காரைக்குடியிலிருந்து வழி சொல்வது அவள் வேலை. மறுமுனையில் அவன். கேட்டுக் கேட்டே தமிழ் கற்றிருந்தான்.

இந்தியா என்றுதான் முதலில் நினைத்தார்கள். பூமியின் ஈர்ப்பை அவன் எலும்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நிலவில் பிறந்தவர்கள் மிதந்தபடியே வாழ நியூசிலாந்து மட்டும் கடலோரத்தில் நீரில்லங்கள் கட்டியிருந்தது. அதுவும் தன் குடிமக்களுக்கு மட்டும்.

ஒரு ஜோடிக்கு ஒரே சுற்று. தவறினால் லூகா மாலைக் கப்பலில் நிலவுக்குத் திரும்ப வேண்டும். மறுபடி அனுமதி கிடைக்கப் பல வருடங்கள் ஆகும். அதற்குள் அவன் எலும்பு நீரில்லத்துக்கும் உதவாமல் போய்விடும்.

திரையில் அம்மா பட்டுப்புடவையில் இருந்தாள். நிலவுக்கார மாப்பிள்ளைக்குச் சம்மதிக்க அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பௌர்ணமியன்று நடக்க வேண்டும். உமையாள் சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு, இதையாவது கொடுப்போம் என்று தேதியை மாற்றினாள். "நாள் பாக்குற வழக்கமெல்லாம் எங்க ஊர்ல கிடையாது" என்று லூகா சிரித்தபோது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"மாப்பிள்ளைய நேரா நிக்கச் சொல்லுடி. ஏற்கெனவே ஒடிசலா இருக்காரு."

"இங்க யாரும் நிக்க முடியாதும்மா. மிதக்கிறோம்."

"சரி, நேரா மிதக்கச் சொல்லு."

லூகா முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"நிலம் நெருங்குகிறது" என்றது பதிவு எந்திரம்.

உமையாள் கையை வைத்தாள். அந்த நேரம் பார்த்து நிலவிலிருந்து லூகாவின் அம்மாவின் குரல் வந்தது. மொழிபெயர்ப்பி அதை நிதானமாகச் சொன்னது: "மகனே, இன்றா? இங்கே பூமி முழுவதும் இருண்டு கிடக்கிறதே."

லூகாவின் முகம் வெளுத்தது. "இன்னைக்கு இருள்புவியா?" பௌர்ணமி என்ற சொல்லை அவன் அதோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை.

பூமியில் பௌர்ணமி என்றால் நிலவிலிருந்து பார்க்கப் பூமி இருட்டாக இருக்கும். அது உமையாளுக்குத் தெரியும். அப்படி ஒரு நாளில் குடியிருப்பின் கூரை கிழிந்து பாதிப் பேர் செத்ததும், அன்றிலிருந்து இருள்புவியில் அங்கே யாரும் குழந்தைக்குப் பெயர்கூட வைப்பதில்லை என்பதும் தெரியாது.

"லூகா, இது மூடநம்பிக்கை."

"உங்க பௌர்ணமிதான் நம்பிக்கை. இது அனுபவம். எங்க தாத்தா அன்னைக்குத்தான் செத்தாரு."

"கூரை கிழிஞ்சதுக்குப் பூமி என்ன பண்ணும்?"

"தெரியாது. ஆனா கிழிஞ்சுதே."

கீழே பனிமலைகளின் வெள்ளை வரிசை வந்துவிட்டது.

"கைய வை. கெஞ்சிக் கேக்கறேன்."

அவன் கையைக் கொண்டுவந்தான். தட்டுக்கு ஒரு விரல்கடை மேலே அது நின்றது.

"உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்றான்.

மலைகள் முடிந்தன. ஒரு பச்சைக் கோடு, அதன் ஓரத்தில் நுரை. அதற்குப் பின் கடல்.

"இப்போது கீழே எந்த நாடும் இல்லை" என்றது எந்திரம். "வாழ்த்துகளுடன் காத்திருக்கிறோம்."

லூகா கையை மடக்கிக்கொண்டான். அவளைப் பார்க்கவில்லை.

"என்னடி பேச்சையே காணோம்?" என்றாள் அம்மா. "நல்ல நேரத்துக்குள்ள முடிஞ்சுதா?"

உமையாளின் உள்ளங்கை இன்னும் தட்டில்தான் இருந்தது. கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்ல நேரம் இன்னும் இருக்கும்மா. நாடுதான் போயிடுச்சு."