கிணத்துல ஆரு?

ஏலக்காட்டிலிருந்து கம்பத்துக்கு ஜீப், கம்பத்திலிருந்து தேனிக்கு பஸ் என்று மாறி மாறி அன்னத்தாய் வந்து இறங்கியபோது வெயில் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. பைபாஸிலிருந்து தங்கள் வயலுக்குப் பிரியும் வண்டிப்பாதையைத் தேடினாள். பாதையைக் காணோம். அது இருந்த இடத்தில் புதுத் தார் ரோடு ஓடியது. ரோட்டின் தலைமாட்டில் ஒரு சிமெண்டு வளைவு நின்றது. அதில் கொட்டை எழுத்தில் ‘சங்கிலியம்மாள் கிரீன் சிட்டி’ என்று எழுதியிருந்தார்கள்.

சங்கிலியம்மாள் அவளைப் பெற்றவள்.

வளைவுக்கு அந்தப்பக்கம் கண்ணுக்கு எட்டியவரை வாழை இல்லை, நெல் இல்லை, ஒரு கொக்குகூட இல்லை. செம்மண்ணைக் கொட்டி நிரவி, மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை நட்டு வைத்திருந்தார்கள். விளைந்துகொண்டிருந்த மண்ணை உயிரோடு மூடிவிட்டு அதற்கு ‘கிரீன்’ என்று பெயர் வைப்பதற்கு எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்! தேனி தனி மாவட்டமானாலும் ஆனது, வாய்க்கால் கரையில் ஒரு அடி மண்ணைச் சும்மா விடவில்லை இந்தக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மதுரையிலிருந்து வேனில் ஆளைக் கூட்டிவந்து, சாம்பார் சாதம் போட்டு, மனை விற்றார்கள்.

அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். பந்தலுக்குள் ஜனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நடுவில் வெள்ளை வேட்டியும் பழுப்புத் தோல்செருப்புமாக நின்று உபசரித்துக்கொண்டிருந்தவன் வீரணன். சங்கிலியம்மாளின் கூடப்பிறந்த தம்பி. அன்னத்தாய்க்குத் தாய்மாமன். இந்த நகரின் முதலாளி.

அவளைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த கரண்டி தட்டில் மோதியது.

“வாத்தா அன்னம்! என்ன திடுதிப்புன்னு? அக்கா சௌரியமா இருக்கா?”

பொங்கலுக்கு மறுவாரம், “ஒங்காத்தா நிலத்தை என்கிட்ட விட்டுட்டு பழனி, திருச்செந்தூர்னு கோயில் கோயிலாப் போறா, தேடாத” என்று போனில் சொன்னவன் இவன். ஊரில் உள்ளவர்களிடம், “அக்கா, மக வீட்டோட இருக்க ஏலக்காட்டுக்குப் போயிருச்சு” என்று சொன்னவனும் இவன்தான். போன வாரம் எஸ்டேட் வேலைக்கு வந்த ஊர்க்காரி ஒருத்தி, “ஆத்தாளை எங்க? லயத்து வீட்டுல காணோம்?” என்று கேட்டபோதுதான் இரண்டு பொய்யும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

“என்கிட்டயா கேக்குறீக? எங்காத்தா எங்கனு நீக சொல்லுங்க!”

அவள் போட்ட சத்தத்தில் பந்தலில் பாதிப் பேர் சாப்பாட்டை நிறுத்தினார்கள். வீரணன் பல்லை இளித்தபடி அவள் கையைப் பிடித்து, பக்கத்திலிருந்த மாதிரி வீட்டுக்குள் இழுத்துப்போனான். வந்தவர்கள் பார்த்து ஆசைப்படுவதற்காக முதலிலேயே கட்டி வைத்த வீடு அது. கதவைச் சாத்தினான்.

உள்ளே ஏசி ஓடியது. ஆனால் அந்தக் குளிர் ஏசியின் குளிர் இல்லை.

ஈரக்கல்லின் குளிர். பாசி வாடை. அதோடு பழைய மோட்டார் எண்ணெயின் வாடை. பால்நிறப் பெயிண்ட் அடித்த புது வீட்டுக்குள் அந்த வாடைக்கு என்ன வேலை? தரையைப் பார்த்தாள். வழுவழுப்பான டைல்ஸின் இடுக்குகளில் தண்ணீர் கசிந்து நின்றது. நடுவில் தரை லேசாகக் குழிந்திருந்தது.

அவளுக்கு இடம் பிடிபட்டது. வடக்கே தெரிந்த மலை முகட்டையும், ஜன்னலுக்கு வெளியே தப்பிப்பிழைத்து நின்ற ஒற்றைப் புங்கமரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இங்கன நம்ம கிணறுல்ல இருந்துச்சு?”

“மூடியாச்சு தாயி. கிணறு இருந்த மனையை எவனும் வாங்க மாட்டான். அதான் நம்ம ஆபீசா இருக்கட்டும்னு…”

“கேட்டீகளா?”

வீரணன் செருப்புக்காலால் டைல்ஸ் ஈரத்தைத் தேய்த்தான்.

அவள் எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக் கிணறுகளெல்லாம் எட்டிப் பார்த்தால் கிறுகிறுக்கும் ஆழம். பக்கச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். இறங்குகிறவர் செருப்பைக் கழற்றி, முனை கிணற்றைப் பார்க்க மேட்டில் வைத்துவிட்டு இறங்குவார். மேலே வருகிறவர் ஒரு கல்லைத் தள்ளுவதாக இருந்தாலும், மோட்டாரைப் போடுவதாக இருந்தாலும், முதலில் “கிணத்துல ஆரு?” என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் வாயால் பதில் சொல்ல மாட்டார். கிணற்றுக்குள் குரல் சுற்றும், எதிரொலி எது, ஆள் எது என்று ஏமாற்றிவிடும். அதனால் ஒரு கல்லை எடுத்துச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். பால்குடி மறந்த பிள்ளைகூட அறிந்த முறை இது. அக்காளும் தம்பியும் அந்தக் கிணற்றில் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

“கேட்டீகளா மாமா?”

“கேக்காம மூடுவனா? கேட்டேன்த்தா. ஒண்ணும் இல்ல. சும்மா கெடந்துச்சு.”

அன்னத்தாய் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். குழிந்த இடத்தில் கையை வைத்தாள். டைல்ஸ் ஐஸாகக் குளிர்ந்தது.

“கிணத்துல ஆரு?” என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

ஏசி நின்றது. கரண்டு போய்விட்டதுபோல. வெளியே பந்தலின் பேச்சுச் சத்தம் எங்கோ தொலைவுக்குப் போனது.

டொக்.

டொக்.

கல்லில் கல் மோதும் சத்தம். உள்ளங்கையின் அடியிலிருந்து வந்தது. முழங்கை வரை அதிர்ந்தது.

வீரணன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். வேர்வை அவன் சட்டையை நனைத்துவிட்டது. உதடு மட்டும் அசைந்தது.

“அன்னைக்கும் இப்பிடித்தான்… நான் எதிரொலின்னு நெனச்சேன்த்தா… சத்தியமா எதிரொலின்னுதான்…”

அன்னத்தாய் எழுந்தாள்.

“எதிரொலி கல்லெடுத்துத் தட்டுமாடா?”

தாய்மாமனை அவள் ‘டா’ போட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுற்றிலும் மனையாகிவிட்ட பின்பும் நடுவில் இருந்த தன் வயலைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றவள் ஆத்தா. நாலாபக்கமும் இவன் போட்ட போர்வெல்களால் தண்ணீர் கீழே போக, மோட்டார் பைப்பின் அடியில் சேற்றில் புதைந்த ஃபுட்வால்வைச் சுத்தம் செய்யத் தினமும் உள்ளே இறங்கினாள். இவன் லாரியில் மண்ணைக் கொண்டுவந்து மேட்டில் நிறுத்தியிருக்கிறான். கேட்டிருக்கிறான். பதிலும் வந்திருக்கிறது. வந்த பிறகு கையைக் காட்டியிருக்கிறான், கொட்டு என்று.

மூலையில் தோட்டவேலைக்கு வைத்திருந்த கடப்பாரை சாத்தியிருந்தது. அவள் அதைத் தூக்கினாள்.

முதல் போட்டிலேயே டைல்ஸ் விரிந்தது. இரண்டாவது போட்டுக்குப் பந்தலில் இருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள். வெறிபிடித்தவளைப்போல அவள் குத்திக்கொண்டே இருந்தாள். “வந்து பாருங்கடா! மனை வாங்க வந்தீகள்ல? எங்காத்தா மேல வீடு கட்டி விக்கிறான், வந்து பாருங்க!” தரை தளர்ந்து உள்ளே இறங்கியது. குழியிலிருந்து குப்பென்று பாசி வாடை ஏறி வந்து எல்லார் மூக்கிலும் அடித்தது. ஆட்கள் கூடிய அமளியில் வீரணன் பின்வாசல் வழியாக நழுவியதை யாரும் கவனிக்கவில்லை.

போலீஸ் வந்தது. ஜேசிபி வந்தது. அந்த வீட்டை இடித்துத் தள்ளி, நாள்கணக்கில் மண்ணை அள்ளினார்கள். அன்னத்தாய் புங்கமரத்தடியை விட்டு நகரவில்லை. யார் கொடுத்த டீயும் குடிக்கவில்லை.

அடியை நெருங்கும்போது முதலில் கிடைத்தது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. நீல வார். ஆத்தாளுடையது. மேட்டில் இருந்திருக்க வேண்டிய செருப்பு, மண்ணுக்கு அடியில் கிடந்தது. அப்படியானால் கிணற்றுமேட்டில் அதைப் பார்த்து, யாருடையது என்று தெரிந்து, மண் கொட்டுவதற்கு முன்னால் அதை எட்டி உள்ளே உதைத்திருக்கிறான் படுபாவி. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

செருப்புக்குக் கீழே சங்கிலியம்மாள் இருந்தாள்.

சுவரின் அடிக்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலக்கையில் ஒரு உருண்டைக்கல். அதைக் கையிலிருந்து பிரிக்க ஆஸ்பத்திரி ஆட்கள் பெரும்பாடு பட்டார்கள். அவள் கையெட்டும் தூரத்தில் சுவரில் ஒரே இடம் குழிந்து வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. அவ்வளவு தேய வேண்டுமானால் எவ்வளவு நேரம் தட்டியிருக்க வேண்டும்! எத்தனை முறை, “தம்பி கேட்டிருப்பான், இப்போது நிறுத்துவான்” என்று நம்பியிருக்க வேண்டும்!

அன்னத்தாய் தன் கையாலேயே கொள்ளி வைத்தாள். ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்கள்.

வீரணன் அகப்படவில்லை. கேரளாவுக்கு ஓடிவிட்டான் என்றார்கள். திறந்து கிடக்கும் குழியில் ஆடுமாடு விழுந்துவிடும் என்று தாலுகா ஆபீசில் மூடச் சொல்லிவிட்டார்கள். முத்துவீரன் என்கிற டிரைவர் டிப்பரில் மண்ணோடு வந்து, பின்பக்கத்தைக் குழிக்கு நேராகத் திருப்பி நிறுத்தினான்.

“அக்கா, தள்ளி நில்லுங்க. கொட்டிரவா?”

“இரு. கேட்டுக்கிறேன்.”

உள்ளே யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. கேட்டும் பதிலைக் காதில் வாங்காதவன் செய்ததுதான் போதுமே. குழியின் விளிம்புக்குப் போனவளின் கால் சட்டென்று நின்றது.

மேட்டில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

பழுப்புத் தோல்செருப்பு. முனை இரண்டும் கிணற்றைப் பார்த்து, ஒழுங்காக, சேர்த்து வைக்கப்பட்டிருந்தது.

முத்துவீரனும் இறங்கி வந்து பார்த்தான். “ஒங்க மாமா செருப்புல்லக்கா?” என்றான், குரல் தணிந்து.

அவள் எட்டிப் பார்த்தாள். உச்சிவெயில் செங்குத்தாக உள்ளே இறங்கியிருந்தது. அடிவரை பட்டப்பகலாகத் தெரிந்தது. ஈரச்சேறு, ஒரு உடைந்த பைப், சுவரில் அந்த வெள்ளைத் தேய்மானம். வேறு ஒன்றும் இல்லை. சேற்றில் ஒரு காலடித்தடம்கூட இல்லை.

“ஏலே, வண்டியை ஆஃப் பண்ணு.”

இஞ்சின் அடங்கியது. அன்னத்தாய் தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டாள்.

“கிணத்துல ஆரு?”

பதில் உடனே வந்தது. சேற்றுக்கும் கீழேயிருந்து வந்தது.

டொக்டொக்டொக்டொக்டொக்.

முறை தெரிந்தவர் தட்டும் தட்டு இல்லை அது. பூட்டிய கதவை உள்ளிருந்து இடிக்கிறவன் போல, மூச்சு விடாமல், நகம் பிய்யப் பிய்யத் தட்டுகிறவனின் தட்டு. முத்துவீரன் டிப்பரை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடினான்.

அன்னத்தாய் ஓடவில்லை. நின்று கேட்டாள்.

அந்தத் தட்டு பாதியில் அறுந்தது. யாரோ கையைப் பிடித்துக்கொண்டதுபோல.

அதன்பிறகு, கொஞ்சமும் அவசரமில்லாமல், அவளுக்குப் பழக்கமான கை இரண்டே இரண்டு தடவை தட்டியது.

டொக்.

டொக்.