லீமா மச்சாது ஓடிப்போன கதை

விடியலில் கடற்சுவர் விளக்குகள் அணைந்ததும் லீமா மச்சாது வீட்டுக்குப் பேசுவாள். அவள் காணாமல் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

அந்த நேரத்துக்குள் அவள் கணவர் இன்னாசி முகம் கழுவி, சின்னதாக ஒரு ஜெபம் சொல்லி முடித்திருப்பார். அதன் பிறகு அவரால் உட்கார முடியாது. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பார். தைத்து வைத்திருக்கும் கதிர்த்துணியை மடிப்பார், மறுபடி பிரிப்பார். வெயிலை மின்சாரமாக்கும் அந்தத் துணியைப் படகுகளுக்குப் பாயாகத் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். சுவர்ப்பேசி முனகியதும் துணியைப் போட்டுவிட்டு ஓடுவார்.

“சாப்ட்டியா லீமா?”

“உங்க கையால சாப்ட்டதெல்லாம் போதும்,” என்றது குரல். “தப்பிச்சு வந்துட்டேன். என்னயத் தேடாதீங்க.”

“சரிம்மா. ஒடம்பப் பாத்துக்க. பிள்ளை நிக்கா, பேசு.”

மகள் அமலி சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நிற்பாள். பதினைந்து வயது. அவளிடம் குரல் குழைந்துவிடும். தலைக்கு எண்ணெய் வைத்தாயா, பள்ளியில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்கும். அமலி சிரிப்பதை இன்னாசி முதுகு காட்டி நின்று கேட்பார். அவள் சிரிக்கும் நேரம் அது ஒன்றுதான்.

அது லீமா இல்லை, நிழற்குரல் என்பது இருவருக்கும் தெரியும். முன்பு ஒரு மாலுமியை இறந்தவராக எழுதி, பூசையும் வைத்து முடித்த பிறகு அவர் உயிரோடு வந்து தன் வீட்டு வாசலில் நின்றாராம். அதிலிருந்து வந்தது சட்டம். காணாமல் போனவர் உயிரோடு இருக்கிறார் என்று நாட்டில் ஓர் ஆள் உண்மையாக நம்பினாலும் அவரை இறந்தவராக்கக் கூடாது. நம்பிக்கையை அளக்க எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை உண்டு. பெயரைக் கேட்டதும் நாடி துடிக்கும் விதத்தை அது படிக்கும். நம்பினால் பச்சை, இல்லையென்றால் சாம்பல். வாய் பொய் சொல்லும், நாடி சொல்லாது. நம்புகிறவர்கள் எப்படி நம்புகிறார்களோ அப்படியே பேசும் ஒரு குரலை, பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து கணினி உண்டாக்கும். உண்மையில் அவர்தானோ என்று குடும்பத்தார் தினமும் ஒருமுறை அதற்குச் செவிகொடுக்க வேண்டும். நம்புகிறவர்களும் எங்கிருந்தாலும் அந்தப் பேச்சைக் கூடவே கேட்கலாம்.

லீமா புகழ்பெற்ற வானோடி. கதிர்த்துணிச் சிறகு கட்டிய சின்ன விமானத்தில், எங்கும் இறங்காமல், தனியாக உலகைச் சுற்றப் புறப்பட்டவள். மாலத்தீவைத் தாண்டி, இன்னும் ஒரு பகல் பறந்தால் சொந்த ஊரான தூத்துக்குடி என்றிருந்தபோது அவளுடைய சமிக்ஞை நின்றுபோனது. கடலில் ஒரு துண்டுத் துணிகூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகு குரல்கள் வரத் தொடங்கின. ஏதோ ஒரு நாட்டுக் கப்பற்படை பிடித்துவைத்திருப்பதாக ஒரு குரல். நினைவிழந்து இலட்சத்தீவில் தேங்காய் உரித்துப் பிழைப்பதாக ஒரு குரல். நம்பியவர்களுக்கு அலுத்துப்போக, ஒவ்வொன்றாக அடங்கின. இலட்சத்தீவுக் குரல், “நேத்து இங்க நல்ல மழ, தென்ன...” என்று பாதிச் சொல்லிலேயே நின்றது. அந்த நொடியில் அதன் கடைசி ஆளின் பட்டை சாம்பலாகியிருக்க வேண்டும்.

அடங்காதது ஒன்றுதான். கொடுமைக்காரப் புருஷனிடமிருந்து தப்பிக்க அவள் வேண்டுமென்றே தொலைந்துபோனாள் என்ற கதை. அதற்கு ஆதாரமாக ஒரு காணொளிப் படம் ஊரெல்லாம் சுற்றியது. புறப்படும் நாளன்று ஓடுதளத்தில் இன்னாசி அவள் மணிக்கட்டை இறுகப் பிடிக்கிறார். அவள் உதறிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள். படத்தில் ஒலி இல்லை.

“அன்னைக்கு அம்மா கையப் பிடிச்சு முறுக்குனீங்களாப்பா?” என்று அமலி ஒருமுறை கேட்டாள்.

“இட்லிப் பொட்டலத்த அவ கையில திணிச்சேன். வயிறு நெறஞ்சா தூக்கம் வரும்னு தட்டிவிட்டுட்டுப் போயிட்டா.”

 அமலியின் எண்ணம் ஓடிய வழி அவருக்குத் தெரிந்தது. அம்மா உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அப்பா கெட்டவராக இருந்தாக வேண்டும். பிள்ளையை அப்படி ஒரு கணக்குக்குள் தள்ளிய சட்டத்தை அவர் மனத்துக்குள் வைதார். பிறகு அதற்காகவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் பிற்பகலில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பேருந்துத் தூசி படிந்த சேலை. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

“யாரும்மா?”

“பேரு சுகந்திங்க. பவானியிலிருந்து வர்றனுங்க.” மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். பச்சை. “அவங்க ஓடிட்டாங்கன்னு நம்புறவ.”

இன்னாசி கதவை அகலத் திறந்தார். “சாப்ட்டியா தங்கச்சி?”

அவள் முகம் கோணியது. “இதத்தானுங்க வேணாங்கறது. தெனமும் கேட்டுட்டுத்தான இருக்கறன். அந்தக் குரலு உங்கள எத்தன பேச்சுப் பேசுது. ஒரு நாளாச்சும் கத்துவீங்க, உங்க நெசமான மொகம் தெரியும்னு பாத்தா, சாப்ட்டியா, ஒடம்பப் பாத்துக்கன்னு. எங்க கூட்டம் அதுலயே கலஞ்சு போச்சு. என்ர பட்டையில நம்புறவங்க எண்ணிக்கையப் பாருங்க, வெளிய நான் ஒருத்திதான் மிச்சம்.”

அவர் சோறு போட்டு, முந்தின நாள் மீன்குழம்பைச் சுடவைத்து ஊற்றினார். பசிதான் போலிருக்கிறது, தலைநிமிராமல் சாப்பிட்டாள். அடுப்படிக் கதவோரம் அமலி வந்து நின்றாள்.

“நீ எதுக்கும்மா இத இவ்வளவு கெட்டியாப் பிடிச்சிட்டிருக்க?” என்று கேட்டார் இன்னாசி.

சுகந்தி தட்டில் விரலால் கோடு இழுத்தாள். “நானும் ஒருத்தன் வீட்ல இருந்தனுங்க. அடி. வெளிய போனா செத்துருவன்னு எல்லாரும் சொன்னாங்க. அன்னிக்குத்தான் இவங்க கதையக் கேட்டன். கடலு மேல ஒருத்தி தனியாத் தப்பிக்கறா, எனக்குப் பஸ் ஏற முடியாதான்னு தோணுச்சு. ஏறிட்டன். இப்ப அவங்க ஓடலைன்னா, நான் எதப் பாத்து ஓடுனன்?” நிமிர்ந்தாள். “நீங்க சொல்லுங்கண்ணா. ஒரே ஒரு வாட்டி அடிச்சிருக்கறன்னு சொல்லுங்க. நான் போயிர்றன்.”

இன்னாசி எழுந்து நடந்தார். சன்னலைத் திறந்தார், மூடினார். ஒரு பொய்யில் இவளுக்கு ஒரு துணை மிஞ்சும். அமலிக்கும் குரல் மிஞ்சும். நாளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் லீமா பெயருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும், பங்குச்சாமி அவள் பெயர் சொல்லிப் பூசை வைக்க வேண்டும் என்று ஒன்பது வருடமாக அவர் ஏங்கியது மட்டும்தான் போகும். ஆனாலும் நாக்கு வரவில்லை.

“அவ ஓடலம்மா,” என்றார். “கடல்ல போயிட்டா. வீட்டுக்கு வர்ற வழியிலதான் போனா. ஆனா ஒண்ணு சொல்லுதேன். நீ ஓடுனது சரி. அதுக்கு அவ ஓடியிருக்கணும்னு ஒண்ணும் இல்ல. அடி விழுந்துச்சு, எந்திரிச்சு வந்த. அதுக்கு வேற சாட்சி எதுக்கு?”

 சுகந்தியின் கையில் குழம்பு காய்ந்தது. பிறகு மெல்ல அழுதாள். கை கழுவப் போனபோது பட்டை சாம்பலாகியிருந்ததை அவளே பார்த்துத் துடைத்துப் பார்த்தாள், அழுக்கோ என்று.

கிளம்பும்போது அவள் பையில் அவர் ஒரு பொட்டலம் வைத்தார். “ராத்திரிக்கு. வழியில எறங்கிச் சாப்பிடாத, ஒண்ணும் நல்லா இருக்காது. அன்னைக்கு ஓடுதளத்துல அவ கையிலயும் இப்படித்தான் இட்லிப் பொட்டலத்தத் திணிச்சேன், தட்டிவிட்டுட்டா.”

“இதத் தட்டிவுட்டுட்டுப் போனாங்களாக்கும்,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள் சுகந்தி.

மறுநாள் காலை கடற்சுவர் விளக்குகள் அணைந்தன. இன்னாசி வெள்ளை வேட்டி கட்டி, ஒரு மெழுகுவத்தியை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். சுகந்தியின் பட்டையும் சாம்பலாகிவிட்டது, இனி மௌனம்தான். பூசைக்குச் சொல்லலாம். அப்படி எண்ணியும் கால்கள் நிற்கவில்லை. அடுப்படி, வாசல், அடுப்படி.

சுவர்ப்பேசி முனகியது.

அவர் அசையாமல் நின்றார். வெளியே மிச்சம் தான் ஒருத்திதான் என்று சுகந்தி சொன்னாளே. குடும்பத்தார் நம்பிக்கையும் கணக்கில் சேரும், ஆனால் வெளியார் பட்டையில் காட்டப்படாது என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. திரும்பினார். அமலி சுவரோரம் நின்றிருந்தாள். சட்டைக் கையை உள்ளங்கை வரை இழுத்துப் பிடித்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னாசி சுவர்ப்பேசியருகே போனார்.

“சாப்ட்டியா லீமா?”

“உங்க கையால சாப்ட்டதெல்லாம் போதும்.”

“இருக்கட்டும்மா. பிள்ளைக்கு நீ வேணும். அவளுக்கு வேணுங்கிற வரைக்கும் வா. என்னயப் பத்தி நீ என்ன வேணாலும் சொல்லிக்கோ, நான் மனசுல வைக்க மாட்டேன்.” அமலியிடம் திரும்பினார். “வா தாயி. பேசு. நான் யாருமில்லாத கல்லறையில எதுலயாவது ஏத்திட்டு வந்திருதேன்.”

உறவினர் வராத கல்லறைகளுக்கு அக்கம்பக்கத்தார் ஒரு திரி ஏற்றிவிட்டு வருவது அந்த ஊர் வழக்கம். மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு அவர் செருப்பை மாட்டினார். உள்ளே குரல் குழையத் தொடங்கியது. “அமலிக்குட்டி, தலைக்கு எண்ண வச்சியா? இன்னைக்கு என்ன கொழ...”

அப்புறம் ஒன்றும் இல்லை. அலைச் சத்தம் மட்டும்.

இன்னாசி திரும்பிப் பார்க்கத் துணியாமல் தெருவில் நடந்தார். சந்து முனைவரை போயிருப்பார், பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. அமலிக்கு மூச்சு வாங்கியது, முகம் நனைந்திருந்தது. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தாள். மணிக்கட்டில் சாம்பல் நிறம்.

“தீப்பெட்டிய மறந்துட்டு வந்துட்டீங்கப்பா,” என்று நீட்டினாள். பிறகு, “காலையில எதாவது சாப்ட்டீங்களா?” என்று கேட்டாள்.