கரியாலூர் இஞ்சின்

இரும்பு இவ்வளவு சூடாக இருக்கக் கூடாதே.

அஸ்ரப் நிஷா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. திரைக்கு அந்தப் பக்கமிருந்து தரையோடு தரையாகத் தள்ளிவிடப்பட்ட பொம்மை இஞ்சினை இரண்டு கையாலும் தூக்கியவள், காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுவிட்டவள்போல அப்படியே நின்றாள். ஐந்து நிமிடம் முன்பு, பார்க்கக் கேட்டவருக்காக அவள்தான் அதைத் திரைக்கு அடியில் நகர்த்தினாள். அப்போது அது கண்ணாடி அலமாரியின் குளிர்ச்சியோடு இருந்தது. பிடித்துப் பார்த்தவரின் கைச்சூடாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். கைச்சூடு இரும்பின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமா?

“நல்ல இஞ்சின்ங்க,” என்றது அந்தப் பக்கத்துக் குரல். சளி கட்டிய குரல். “பழைய பெயின்ட் அப்பிடியே கீது. யாரும் கை வெக்கல.”

“வெக்க வுடுவாராங்க அவுரு?” என்றாள் நிஷா. “கடை பூரா பெயின்ட் டப்பா அடுக்கி வெச்சிக்கினு, இதுங்க மேல மட்டும் ஒரு பிரஷ் பட்டா வூட்டையே ரெண்டாக்கிடுவாரு.”

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. “நாளைக்கி வரேன்,” என்றது குரல். காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கேட்கவில்லை.

கணவர் முகம்மது கவுஸ் இறந்து முப்பத்தேழு நாள் ஆகிறது. நான்கு மாதம் பத்து நாள் அவள் இத்தாவில் இருக்க வேண்டும். வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆணின் கண்ணில் படக் கூடாது. கூடத்துக்கும் அவள் அறைக்கும் நடுவில் பச்சைத் திரை தொங்குவது அதற்காகத்தான். கவுஸைப் போலவே பழைய இஞ்சின் சேர்க்கிற சிவசங்கர் என்பவர் திருக்கோவிலூரிலிருந்து சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு வருவார், திரைக்குப் பின்னாலிருந்து காட்டினால் போதும் என்று மகன் உமைர் காலையில் சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருந்தான்.

அலமாரியில் மொத்தம் ஒன்பது. எல்லாம் ஓ ஸ்கேல் என்கிற பொம்மை ரயில் அளவு, வெள்ளைக்காரன் காலத்தில் செய்தவை, சாண் நீளம், கையில் எடுத்தால் அம்மிக் குழவியின் கனம். எட்டு இஞ்சின்கள் சாவி கொடுத்தால் ஓடும். இந்தக் கறுப்பு மட்டும் நிஜ நீராவி. வயிற்றில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினால் பத்து நிமிடத்தில் மூச்சுவிட ஆரம்பிக்குமாம். கவுஸ் ஒரு தடவைகூடக் கொளுத்திப் பார்க்கவில்லை. இருபது வருடம் தேடி, கரியாலூரில் ஒரு பழைய பங்களாவில் இருக்கிறதென்று கேள்விப்பட்டுத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு மலையேறினார். இறங்கும்போது ஒரு வளைவில் கார் உருண்டது. இஞ்சின் பெட்டியில் கீறல்கூட இல்லை. அவரை முகம் மூடிக் கொண்டுவந்தார்கள். “வேணாம்மா, பாக்காத,” என்று உமைர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். முப்பத்துநான்கு வருடம் பார்த்த முகம். இன்னும் ஒரே ஒரு தடவை. அதைத்தான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டு அழுதாள். கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்று தெரிந்தும் கேட்டாள்.

மருமகள் ஃபரீன் டீயோடு வந்தாள்.

“வந்தவருக்கு ஒரு வாய் டீ குடுத்திருக்கலாம்ல?”

“யாரு மாமி வந்தாங்க?”

“இஞ்சின் பாக்க வந்தாரே.”

“வாசக் கதவு தாப்பா போட்டுல்ல கெடக்குது! தூங்கிக்கினே பேசினீங்களா?” ஃபரீன் சிரித்தாள். “உங்க புள்ள இப்பதான் போன் பண்ணாரு. அந்த ஆளுக்கு ஒடம்பு முடியலியாம். வெள்ளிக்கெழமதான் வருவாராம்.”

நிஷா டீயைக் குடித்தாள். தூங்கித்தான் போயிருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். இஞ்சினை எடுத்து அலமாரியில் வைத்த உள்ளங்கை மட்டும் இன்னும் காந்திக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அலமாரிக் கண்ணாடி உள்பக்கமாக வேர்த்திருந்தது. கறுப்பு இஞ்சினுக்கு நேராக ஒரு துளி மெல்ல இறங்கி, இன்னொன்றோடு சேர்ந்து, கனத்து, கீழே போனது. யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். ஈரம் வெளியே இல்லை. ஃபரீனிடம் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இஞ்சினைத் தூக்கிக் கொண்டுபோய்விடுவார்கள். அப்புறம் அந்தக் குரல் வராது. அவள் காத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

அசர் பாங்கு சொல்லி ஓய்ந்தது. காய்ந்த துணியெடுக்க ஃபரீன் மாடிக்குப் போனாள். முதலில் ஸ்பிரிட் வாசனை வந்தது, ஊசி போடுகிற இடத்தில் வருமே அதுபோல. அதற்குப் பின்னால் அடக்கத்துக்கு முன் பூசுகிற கற்பூரமும், அதற்கும் பின்னால் மழை ஊறிய மலைமண்ணும் ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு கூடத்தைக் கடந்து வந்தன. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. திரை ஆடவில்லை.

“நிஷா.”

நேற்று இருந்த ‘ங்க’ இல்லை. சளியும் இல்லை.

“ஒரு கை ஸ்டியரிங்ல. ஒரு கை பொட்டிமேல. அது கீழ வுழுந்துடக் கூடாதுன்னு புடிச்சிக்கினு இருந்தேன், நிஷா. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வெச்சிருந்தா வூடு வந்திருப்பேன்.”

அவளுக்குப் பின்னால், அலமாரிக்குள், ஏதோ உஸ்ஸென்றது.

திரும்பவில்லை. கண் தரைக்குப் போனது. திரை முடிந்து, தரைக்கு ஒரு சாண் இடைவெளி. அந்தப் பக்கம் கால் தெரிய வேண்டும்.

கால் இல்லை.

வெள்ளைத் துணி. குவித்து, இறுக்கிக் கட்டிய முடிச்சு. அடக்கம் செய்யப்படுகிறவர்களின் பாதத்துக்குக் கீழே கபன் துணியில் போடுகிற முடிச்சு. செம்மண் ஈரத்தோடு. அதன்மேல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது, அது.

“மொகம் பாக்க வுடலன்னு அழுதுக்கினு கெடந்தியே. பாரு. திரைய வெலக்கு.”

அவள் கை தானாக எழுந்தது. திரையைப் பிடித்தது. சூடு. ஈரம். அவள் நெற்றிக்கு நேராகத் துணி உள்ளே ஒட்டிக் குழிந்தது. உப்பியது. குழிந்தது. உப்பியது. பின்னால் அலமாரியிலும் அதே மூச்சு. அதே தாளம்.

ஒரே ஒரு தடவை.

அவர்தான் என்றால், இந்த இத்தா யாருக்காக? அவர் இல்லை என்றால், அந்நியன்.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“இத்தா முடியலைங்க,” என்றாள். மெதுவாக.

துணியின் மூச்சு நின்றது. முடிச்சு நகரவில்லை.

“இன்னும் எத்தினி நாளு?”

நாள் கணக்கு அவளுக்குத் தெரியும். தினமும் விரல்விட்டு எண்ணுகிறவள். சொன்னால் அன்றைக்கு வந்து நிற்கும். சொல்லவில்லை.