குகைக்குள் அடைத்த காற்று

தெல்லிப்பழைச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கிய எமில்ராஜ், கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தான். குருநகரில் கடற்காற்றோடு வளர்ந்தவனுக்கு, ஓர் இலைகூட அசையாத அந்தப் பகல் மூச்சை முட்டியது. ஆனால் அப்படியொரு நாளுக்காகத்தான் காற்றாலைக் கொம்பனி அவனை வேலைக்கு எடுத்திருந்தது.

சோளகக் காற்று வீசிய மாதங்களில் காற்றாலைகள் மிச்சமாகத் தந்த மின்சாரத்தைக் கொண்டு, நிலத்துக்கடியிலிருந்த சுண்ணக்கல் குகைக்குள் காற்றை அமுக்கி அடைத்து வைத்திருந்தார்கள். காற்று விழுந்த இந்த ஐப்பசியில் அதைத் திறந்துவிட்டால், அது சுழலியைச் சுற்றி ஊருக்கு வெளிச்சம் தரும். முதன்முதலாகத் திறக்கப்போகிறவன் எமில்ராஜ்.

கம்பி வேலிக்கு வெளியே ஒரு முதிய பெண் நின்றாள். மகாதேவி. அந்தக் காணி ஒருகாலம் அவளுடையது. யுத்தத்தில் இராணுவத்திடம் பறிபோய், பல வருடங்களுக்குப் பிறகு கைக்கு வந்த கையோடு கொம்பனி எடுத்துக்கொண்டது.

"என்ரை மகன் அருட்செல்வனைப் பிடிச்சுக்கொண்டு உந்தக் காணிக்குள்ளைதான் போனவங்கள், தம்பி. குகைக்குள்ளை ஒருக்கா இறங்கிப் பாத்திட்டு மூடுங்கோ எண்டு கெஞ்சினன். சீமெந்தைக் கொட்டி அடைச்சுப்போட்டாங்கள்."

"எனக்கு உதொண்டும் தெரியாதம்மா." முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான்.

வால்வைத் திருப்பினான். குழாய் விசும்பியது. பிறகு சீறியது. சுழலி சுற்றத் தொடங்கியது. வந்த காற்றில் ஈரச் சுண்ணாம்பின் வாடை. அதற்குள்ளே, பலரை நெடுங்காலம் அடைத்து வைத்த அறையின் வியர்வைப் புழுக்கம்.

சீறல் மெல்ல மெல்ல மூச்சாகியது.

இழுத்தது. விட்டது.

"ஆரது வெளியிலை?" குழாய்க்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

எமில்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். கை தானாக வால்வுக்குப் போனது.

"மூடாதை தம்பி!" மகாதேவி வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது. குழாயைக் கட்டிப்பிடித்துக் காதை வைத்தாள். உச்சி வெயிலிலும் அந்த இரும்பு குளிர்ந்து, அவள் கன்னத்தை ஒட்டிக்கொண்டது.

"அருட்செல்வன்... அம்மா வந்திருக்கிறன். கதை ராசா."

மூச்சு நின்றது. பிறகு ஒரு பெண்குரல், மிகவும் களைத்து:

"அவர் இஞ்சை இல்லை அம்மா."

சற்றுப் பொறுத்து:

"நாங்கள்தான் இருக்கிறம்."

மகாதேவி அழவில்லை. தேடுவதற்கு மிஞ்சியிருந்த ஒரே இடமும் போய்விட்டது. குழாயை விடாமலே கேட்டாள்.

"நீங்கள் ஆரின்ரை பிள்ளையள்?"

அவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பெயர், ஓர் ஊர். இன்னொரு பெயர், இன்னோர் ஊர். குருநகர் என்றும் ஒரு குரல் சொன்னது. எமில்ராஜ் காதைப் பொத்திக்கொண்டான்.

பொழுது சாய்ந்தபோது அழுத்தமானியின் முள் பூச்சியத்துக்கு இறங்கியது. அடைத்த காற்று முழுவதும் தீர்ந்துவிட்டது. வால்வை இறுக்கி மூடினான்.

சுழலி நிற்கவில்லை.

கொழும்பிலிருந்த மேலாளருக்குப் போன் போட்டான். அவர் சிரித்தார்.

"அடைச்சதைவிடக் கூட வருகுதோ? நல்ல விசயம்தானே. நிப்பாட்டாதையும், ஓடவிடும்."

ஊரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. மூடிய குழாய்க்குள் ஒரு சின்னக் குரல் தன் பெயரைச் சொல்ல, அதன் பின்னால் இன்னும் பலர் மூச்செடுத்துக்கொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.