இன்னும் அரைக் கட்டை

பனி அப்பிய கோட்டை உதறி ஆணியில் மாட்டிவிட்டு லேலண்ட் டஃப்ட்ஸ் நேராகக் கணினிமுன் போய் உட்கார்ந்தார். இசை நாடகங்களுக்கு மெட்டுப் போட்டே நியூயார்க்கில் பெயர் வாங்கிய மனிதர். அவருடைய வானொலிப் பேட்டியை அன்றுதான் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். தன் பேட்டியைத் தானே கேட்பதில் அவருக்கு அலுப்பே வராது.

“மேவிஸ் கதை வந்துச்சா?” அடுப்படியிலிருந்து மனைவி கொரின் கேட்டாள்.

“வராம இருக்குமா? வெள்ளிக்கிழமை பாராட்டு விழாவிலயும் அதைத்தான் கேக்கப் போறாங்க.”

வந்தது. “பாஸ்டன்ல என் நாடகத்தோட முன்னோட்டக் காட்சிகள். கதாநாயகி மேவிஸ். தயாரிப்பாளரோட ஆளு, தூக்க முடியல. தினமும் அவ பாட்டை மட்டும் இன்னும் அரைக் கட்டை சுருதி ஏத்தி வாசிங்கடான்னு வாத்தியக்காரங்ககிட்ட சொல்லிட்டேன். ஒரு நாள் உச்சியில குரல் உடைஞ்சுது பாருங்க! சனியன் ஒழிஞ்சுது!”

பேட்டி எடுத்தவர் சிரித்தார். அடுப்படியில் கொரினும் எத்தனையாவதோ தடவையாக விழுந்து விழுந்து சிரித்தாள். மேவிஸ் மேடையிலிருந்து நேரே துறைமுகத்துக்கு நடந்ததையும், மறுநாள் அவளைத் தண்ணீரிலிருந்து எடுத்ததையும் லேலண்ட் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. சொன்னால் யார் சிரிப்பார்கள்?

அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்க ஆசைப்பட்டுப் பேட்டியைப் பின்னால் தள்ளி ஓட்டினார்.

அவர் குரல் அரைக் கட்டை ஏறியிருந்தது.

வேகம் மாறவில்லை, சுருதி மட்டும்தான். கணினிக் கோளாறு என்று மறுபடி ஓட்டினார்.

இன்னும் அரைக் கட்டை.

“கொரின், இதைக் கேளேன்.”

“எப்பவும் போலத்தானே இருக்கு? உன் காதுக்குத்தான் வயசாயிடுச்சு.”

வந்து கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனதும் அறையில் கடல் உப்பு வாடை அடித்தது. கணினியை அறைந்து மூடினார். மூடிய பின்னும் உள்ளேயிருந்து ஒரு பெண் மெல்லப் பேசினாள்.

“இன்னும் அரைக் கட்டை.”

“யாரது?” என்றார். இப்போது அவருடைய சொந்தக் குரலே ஏறியிருந்தது.

பேசப் பேச ஏறும் என்று புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டால் தப்பிக்கலாம். தொண்டை வலி என்று சைகை காட்டியே வெள்ளிக்கிழமைவரை ஓட்டினார்.

விழாவில் யாரோ, “மேவிஸ் கதை!” என்று கத்த, அரங்கமே கைதட்டியது. முடியாது என்று தலையாட்டினால் போதும். கைதட்டலிலேயே வாழ்ந்த மனிதருக்கு அது நடக்கிற காரியமா?

“பாஸ்டன்ல...” என்று தொடங்கினார்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஏறியது. வேண்டுமென்றே செய்கிறார் என்று கூட்டம் சிரித்தது. சிரிக்கச் சிரிக்க இன்னும் ஏறியது.

உச்சியில் உடைந்தது.

வாயெல்லாம் உப்புக் கரித்தது. அதோடு குரல் போனதுதான், திரும்பி வரவேயில்லை. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர்கள் கையை விரித்தார்கள்.

ஒரு மத்தியானம் அவர் குரலைக் கேட்காமல் தாங்க முடியாமல் கொரின் அந்தப் பேட்டியைப் போட்டாள். லேலண்ட் ஓடிவந்து நிறுத்துவதற்குள் மேவிஸ் கதை முடிந்துவிட்டது. பழக்கதோஷம், கண்ணீருக்கு நடுவிலும் கொரின் சிரித்துவிட்டாள்.

“பாவம் நீ, லேலண்ட்,” என்று திரும்பினாள். அவள் குரல் ஏறியிருந்தது.

அரைக் கட்டை.

பேசாதே என்று சொல்ல அவரிடம் குரல் இல்லை. பாய்ந்து அவள் உதட்டில் கையை வைத்தார். அவள் திமிறி விலக்கினாள்.

“என்னாச்சு உனக்கு? ஏன் என் வாயைப் பொத்துற?” என்றாள் கொரின், இன்னும் அரைக் கட்டை மேலே.