தேவநாதன் ஐயாவின் வாசகர்

துண்டு மடிந்திருந்த விதம்தான் முதலில் உறுத்தியது. காலை அவசரத்தில் கொடியில் வீசிவிட்டுப் போன துண்டு, சாயங்காலம் வந்து பார்த்தால், நீளவாக்கில் மூன்றாக மடிந்து, முனைகள் இரண்டும் உள்ளே செருகப்பட்டு, இஸ்திரி போட்டதுபோலக் கட்டில்மேல் இருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்து அந்த வீட்டில் லோகநாயகியைத் தவிர ஆள் கிடையாது. கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. மகள் சுவேதா சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நாமேதான் மடித்திருப்போம், ஞாபகம் இல்லை என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் உப்பு ஜாடியில் ஒரு பிடி அரிசி கிடந்தது. அதற்கடுத்த நாள், பத்து உதை உதைத்தாலும் முனகிக்கொண்டு நிற்கும் அவளுடைய ஸ்கூட்டி ஒரே உதையில் கிளம்பியது. சீட்டுக்கடியில், பிளக்கின் கரி துடைத்த துணி ஒன்று நாலாக மடிந்திருந்தது. கதவுப் பூட்டை மாற்றினாள். நான்காம் நாள் அரிசி டப்பாவைத் திறந்தால், அரிசிக்கு நடுவே வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் வைத்துக் கட்டிய சின்ன முடிச்சு. வெள்ளைத் துணி. வெள்ளை நூல்.

முடிச்சைக் கையில் எடுத்ததும் அவளுக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. ‘துணியும் நூலும் வெள்ளையாகவே இருக்க வேண்டும்.’ அந்த வரியை எழுதியவளே அவள்தான். வீட்டுக் குறிப்புப் புத்தகம் ஒன்றில், எந்தக் காரணமும் இல்லாமல், பக்கம் நிறையவில்லையே என்று சேர்த்த வரி.

புத்தக அட்டையில் இருந்த பெயர் அவளுடையது அல்ல. பேராசிரியர் தேவநாதன். சிதம்பரம் கீழவீதியில் பதிப்பகம் நடத்தும் சுப்பிரமணியன், திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்த கையோடு வைத்த பெயர் அது. அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை. ஆனால் அந்தப் பெயரில் முப்பத்தொரு புத்தகங்கள் பேருந்து நிலையக் கடைகளில் அடுக்கியிருந்தன. நாட்டுக்கோழி வளர்ப்பு, இல்லத்தரசிகளுக்கு ஐந்நூறு குறிப்புகள், மனு எழுதும் முறை, வீட்டுப் பராமரிப்பு, இருசக்கர வாகனப் பராமரிப்பு, மூட்டுவலிக்கு எளிய பயிற்சிகள், குழந்தைகளுக்குத் தூய தமிழ்ப் பெயர்கள் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத புத்தகங்கள். எல்லாமே லோகநாயகி வீட்டில் உட்கார்ந்து, நாலு பழைய புத்தகங்களைப் பார்த்து ஐந்தாவதாகக் கணினியில் அடித்துக் கொடுத்தவை. எதையும் அவள் செய்து பார்த்ததில்லை.

மறுநாள் மத்தியானமே சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். சுப்பிரமணியன் அவளுக்குத் தூரத்து உறவு. கடையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, தேவநாதன் புக்க மொத்தமா யாராவது வாங்குறாங்களா?”

சணலை இழுத்த கை நின்றது. “ஏம்மா கேக்குற?”

“சும்மாதான்.”

“ஒருத்தரு வாங்குவாரு. கொளஞ்சின்னு பேரு, ஆலப்பாக்கம் பக்கம். புதுசு எது வந்தாலும் மொத ஆளா வந்து நிப்பாரு. ஐயாவுக்குன்னு லெட்டரு வேற. உங்கிட்ட குடுத்தா நீ பயந்துடுவேன்னு நானே வச்சிருந்தேன்.”

“இப்ப வர்றதில்லையா?”

அவர் மேசைக்கடியிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கடிதக் கட்டை எடுத்துத் தந்தார். “போன மாசம் அவரு சம்சாரம் பவானி வந்திருந்துச்சு. சண்டைக்கெல்லாம் வரல. ஐயாவ ஒரு தடவ பாக்கணும், ஒரே ஒரு சந்தேகம் கேக்கணும்னு நின்னுச்சு. ஐயா வெளியூருன்னு சொல்லி, அது குடுத்த லெட்டர வாங்கிவச்சுட்டு அனுப்பிட்டேன்.”

“என்னா சந்தேகம் மாமா?”

“மழ வரப்போவுது. நீ பஸ்ஸப் புடி.”

பி.முட்லூர் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டார்கள். ஈரத்துணியும் மல்லிகையும் டீசலும் கலந்த புழுக்கத்தில், மங்கலான விளக்கடியில் அவள் ஒவ்வொரு கடிதமாகப் பிரித்தாள். குண்டு குண்டான, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து. கோழிகள் முப்பதும் பிழைத்துக்கொண்டன ஐயா. மனு எழுதிக் கொடுத்தேன், பட்டா வந்துவிட்டது ஐயா. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, உங்கள் புத்தகத்தில் பார்த்துத்தான் பெயர் வைத்தோம் ஐயா. ஒவ்வொன்றும் ஒரே மாதிரி முடிந்தது: ‘ஐயா சொன்னபடியே செய்தேன்.’

கடைசிக் கடிதத்தில் ஈரம் பட்டு மை கலங்கியிருந்தது. ‘புது வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நாலு மாதமாகத் திறக்கவில்லை. இன்றைக்குக் கழுவப் போகிறேன். பத்து நிமிடம் மூடியைத் திறந்து வைத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே செய்கிறேன் ஐயா.’

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து. ‘இது அவர் சட்டைப் பையில் இருந்தது. அவர் மயங்கினதைப் பார்த்து என் தம்பி இறங்கினான். ரெண்டு பேரும் வரவில்லை. பத்து நிமிஷம் அவர் மணி பார்த்துத்தான் இருந்தார் ஐயா. எதில் தப்பு செஞ்சார்னு மட்டும் சொல்லுங்க. பவானி.’

தப்பு எதில் என்று லோகநாயகிக்குத் தெரியும். நாள்பட மூடிக் கிடந்த தொட்டியில் உயிர்க்காற்று இருக்காது. ஒரு நாள் முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். ஒருவர் மயங்கினால் அடுத்தவர் இறங்கவே கூடாது. இத்தனையும் முதலில் அடித்திருந்தாள். வீட்டுப் பராமரிப்புப் புத்தகம் தொண்ணூற்றெட்டுப் பக்கம் வந்துவிட்டது. தொண்ணூற்றாறில் அடக்கு, பதினாறு பக்கப் பாரம் ஆறுக்கு மேல் போகக் கூடாது என்று சுப்பிரமணியன் போனில் சொன்னார். அவள் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஒரே அமுக்கில் அழித்து, அந்த இடத்தில் ‘பத்து நிமிடம் போதும்’ என்று ஒரு வரி அடித்துவிட்டு, மிச்சமிருந்த சோற்றைச் சாப்பிடப் போனாள்.

சிப்காட் தொழிற்பேட்டையின் விளக்குகள் ஷட்டர் இடுக்கில் ஓடி மறைந்தன. அவள் கடிதங்களை மடியில் வைத்துக்கொண்டு, கடலூர் வரும்வரை அசையாமல் இருந்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ஆறரை மணி. மழை விட்டிருந்தது. தெருவில் கரண்ட் இல்லை. கேட்டைத் திறந்து உள்ளே காலை வைத்தவளுக்கு, வேப்பமரத்திலிருந்து சொட்டும் தண்ணீரையும் சாக்கடையின் சளசளப்பையும் தாண்டி, தரைக்கு அடியிலிருந்து வேறொரு சத்தம் கேட்டது. தென்னை நாரால் சிமெண்ட் சுவரைத் தேய்க்கும் சத்தம். வரக். வரக். அவசரமில்லாமல்.

வாசலில் தரையடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி, இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாத மூடி, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

தொட்டி வாய் திறந்து கிடந்தது. கறுப்பாக. சதுரமாக.

தேய்ப்பது நின்றது.

“ஐயா.”

பணிவான குரல். குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல.

“பத்து நிமிஷம் ஆயிடுச்சுங்களா ஐயா?”

ஓடிவிடலாம். கேட் பின்னால் திறந்துதான் இருக்கிறது. ஆனால் பவானியின் கேள்வி கைப்பையில் கனத்தது. இதுவரை ஒருவரும் பதில் சொல்லாத கேள்வி.

“ஏறி வந்துடுங்க,” என்றாள். “பத்து நிமிஷம் பத்தாதுங்க. நீங்க ஒரு தப்பும் செய்யல. நாந்தான் அழிச்சிட்டேன். ஏறி வந்துடுங்க, ரெண்டு பேரும்.”

உள்ளே தண்ணீர் அலம்பியது. கூடவே இன்னொரு குரல், இளையது.

“மச்சான், ஏறி வரச் சொல்றாங்க.”

விளிம்பில் விரல்கள் வந்தன. நான்கு. பிறகு எட்டு. பிறகு இன்னொருவருடையவை. ஊறி வெளுத்த விரல்கள். நகங்களுக்குள் நார். இரண்டு தலைகள் மெல்ல எழும்பின. முகத்தில் கோபம் இல்லை. வலி இல்லை. சொன்னதைக் கேட்கும் பிள்ளைகளின் முகம்.

அவர்கள் அவளைப் பார்க்கவில்லை.

அவளைத் தாண்டி, அவள் தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள். வெளுத்த கைகள் விளிம்பை விட்டுக் கும்பிட எழுந்தன.

“சரிங்களா ஐயா?”

அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வயதான, படித்த, நிதானமான ஆண் குரல். பேச்சில் இல்லாத, அச்சில் மட்டுமே வரும் தமிழ்.

“பத்து நிமிடம் போதும். இறங்கலாம்.”

“சரிங்க ஐயா.”

தலைகள் தாழ்ந்தன. விரல்கள் ஒவ்வொன்றாகக் கறுப்புக்குள் போயின. வரக். வரக்.

லோகநாயகி திரும்பவில்லை. கழுத்தில் மூச்சு படவில்லை. ஈர மண் வாடைக்கு நடுவே, புதிதாக வெட்டிய தாளின் வாசனை மட்டும் நெருங்கி, நெருங்கி வந்தது.